பால்மரத்திலிருந்து லோங்காங் வரை: டயர்த் தூசி என்னும் நுண்நெகிழி

கோலகங்சார் நகரில் ஒரு பால்மரம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட மாணவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த 22இல் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. இன்று நிற்பது அந்த ஒன்பதில் மிஞ்சிய மரம் என்பதுதான் அதன் பெருமை. அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பாடநூலையும்விட நன்றாகச் சொல்வார்கள். காட்டை அழித்து ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்களம், தலைவிளக்குடன் நிரை, மங்கில் சொட்டும் பால், தோளில் காண்டா வாளி, பிசுபிசுத்த ஒட்டுப்பால் என்று மூன்று நான்கு தலைமுறைகளின் வாழ்க்கை ஓடியது.

அந்தப் பால் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது? ஸ்டோருக்குப் போனது, ஷீட் ஆனது, கப்பல் ஏறியது என்பதோடு தோட்டத்துக் கதை நின்றுவிடும். உலகம் முழுவதும் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 70 விழுக்காடு இன்றும் டயர்களுக்கே போகிறது. டயர் தேய்கிறது. தேய்ந்த பகுதி மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது சாலையில் கறுப்புத் தூசியாக விழுகிறது, மழையில் லோங்காங்கில் இறங்குகிறது, ஆற்றுக்குப் போகிறது. நுண்நெகிழி என்றதும் நாம் பைகளையும் உறிஞ்சு குழாய்களையும் நினைக்கிறோம். ஆனால் உலகில் மிக அதிகமாக உதிரும் நுண்நெகிழி வகைகளில் ஒன்று நம் வாகனத்தின் காலடியிலிருந்து வருகிறது. அதை நாம் அனேகமாகப் பேசுவதே இல்லை.

ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே

கடல் மணலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நெகிழித் துகள்கள் கலந்திருப்பதை பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே நுண்நெகிழி என்ற சொல் பரவலானது. பிற்பாடு 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள் என்பது பொது வரையறை ஆயிற்று. பெரிய பொருள் வெயிலிலும் அலையிலும் சிதைந்து துகளாவது ஒரு வகை. தொடக்கத்திலேயே துகளாகச் சூழலுக்குள் நுழைவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை 2017இல் கணக்கிட்ட அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், கடலுக்குச் செல்வதில் 35 விழுக்காடு செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவதாகவும், 28 விழுக்காடு டயர் தேய்மானத்தால் வருவதாகவும் மதிப்பிட்டது.

டயர் எப்படித் துகளாகிறது என்பதை மேசையிலேயே பார்க்கலாம். அழிப்பானை எடுத்துத் தாளில் அழுத்தித் தேயுங்கள். சின்னச் சின்னச் சுருள்களாக உதிரும். சாலையில் உதிரும் டயர்த் துகளும் பெரும்பாலும் அதே உருவம்தான்: நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த ஒரு சுருள். வித்தியாசம் என்னவென்றால் அதன் மேல் சாலையின் கல்துகளும் தாரும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் சிறியதாகவோ இருக்கும். ஒரு கார் டயர் தூக்கி எறியப்படும்போது, புதிதாக இருந்தபோது இருந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஒரு கிலோவுக்கு மேல். அந்த ஒரு கிலோ எங்கே என்று யாரும் பட்டறையில் கேட்பதில்லை.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். உலக அளவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.81 கிலோ டயர்த் துகள் உதிர்கிறது என்பது அவர்களுடைய மதிப்பீடு. பேராக்கின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். உலகச் சராசரியையே எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு 2,000 டன் வரும். இது என் பெருக்கல் கணக்குதான், அளந்து எடுத்த எண் அல்ல. ஆனால் மக்கள்தொகையைவிடப் பதிவேட்டில் வாகனங்கள் அதிகமுள்ள நாடு மலேசியா என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பால் எப்படி நெகிழி ஆயிற்று?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். பால்மரத்திலிருந்து வரும் ரப்பர் இயற்கைப் பொருள்தானே, அதை ஏன் நுண்நெகிழியில் சேர்க்கிறார்கள்?

ஐந்தாம் படிவ வேதியியலில் பலபடிகள் பற்றிப் படிப்பவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். மரப்பாலில் மிதக்கும் ரப்பர் துணுக்குகளைச் சுற்றி எதிர்மின்னூட்டம் கொண்ட புரதப் படலம் இருக்கிறது. அமிலம் ஊற்றினால் அந்த மின்னூட்டம் சமனாகிப் பால் கட்டுகிறது. அமோனியா ஊற்றினால் கட்டாமல் இருக்கிறது. இந்த இரண்டையும் நம் தாத்தா பாட்டிகள் மின்னூட்டம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே தினமும் செய்தார்கள். அப்படிக் கட்டிய பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும், மண்ணில் கிடந்தால் நுண்ணுயிரிகள் மெல்லத் தின்றுவிடும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினார். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. இதுதான் வல்கனாக்கம். ரப்பர் உறுதியானது. அதே காரணத்தால் மண்ணில் மட்கும் வேகமும் வெகுவாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு வரலாற்றுப் பாடத்துக்குப் போக வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சில வாரங்களில் ஈப்போ விழுந்தது, கம்பாரில் சண்டை நடந்தது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சரணடைந்தது. அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு அறுந்துபோனது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. எனவே பெட்ரோலியப் பொருள்களிலிருந்து ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டையும் இணைத்துச் செயற்கை ரப்பர் செய்யும் தொழிலை அமெரிக்க அரசாங்கம் முடுக்கிவிட்டது. 1941இல் ஆண்டுக்கு 231 டன் என்றிருந்த பொதுப் பயன்பாட்டுச் செயற்கை ரப்பர் உற்பத்தி, 1945இல் மாதத்துக்கு 70,000 டன் ஆனது. அதே ஆண்டுகளில் இங்கே பால்மரம் வெட்ட வேண்டியவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். நம் வரலாற்றின் அந்த இருண்ட பக்கமும், இன்றைய கார் டயரின் வேதியியலும் ஒரே போரிலிருந்து வந்தவை.

போர் முடிந்தது, செயற்கை ரப்பர் முடியவில்லை. இன்று ஒரு சராசரிக் கார் டயரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இயற்கை ரப்பர். அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செயற்கை ரப்பர் இருக்கிறது. லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம், விமான டயரில் இன்னும் அதிகம். மீதமெல்லாம் கரித்தூள், சிலிக்கா, எஃகுக் கம்பி, எண்ணெய், கந்தகம், இவற்றோடு சிறிய அளவில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள். அந்தச் சிறிய அளவில்தான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இருக்கிறது.

சியாட்டலில் செத்த மீன்கள்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டல் நகரம். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்து முட்டையிடும் கோஹோ சால்மன் மீன்கள் அங்கே உண்டு. 1990களில் நகரத்து ஓடைகளைத் தூய்மைப்படுத்தி, மரம் நட்டு, மீன்கள் திரும்பி வர வழி செய்தார்கள். மீன்களும் வந்தன. வந்தவை மழை பெய்த சில மணி நேரத்தில் தடுமாறி, வாயைப் பிளந்து, முட்டையிடுமுன்பே செத்தன. சில ஓடைகளில் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படிப் போயின.

வெப்பமா, ஆக்சிஜன் குறைவா, நோயா, பூச்சிக்கொல்லியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆய்வாளர்கள் விலக்கினார்கள். சாலையிலிருந்து வழியும் மழைநீர்தான் கொல்கிறது என்பது உறுதியானது. அதில் எது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோலோட்ஜீ, ஜென்யூ தியான், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் முதலியோர் டயர்களைச் சீவித் துகளாக்கி நீரில் ஊற வைத்தார்கள். அந்த நீர் மீனைக் கொன்றது. ஆனால் அதில் 2,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருந்தன. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீனை விட்டு, கொல்லும் பகுதியை மறுபடியும் பிரித்து, இறுதியில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள்: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறு. டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அது இல்லை.

இங்கேதான் அடிப்படை வேதியியல் கைகொடுத்தது. பட்டியலில் 6பிபிடி என்று ஒன்று இருந்தது. அதில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்தால்? தேடிய மூலக்கூறு கிடைத்துவிடுகிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி டயரில் வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுக்க 1960களிலிருந்து உலகம் முழுவதும் டயர்களில் சேர்க்கப்படுவது 6பிபிடி. ரப்பருக்கு விழ வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிக்கொள்ளும்போது அது 6பிபிடி-குயினோன் என்ற புதிய பொருளாக மாறுகிறது. யாரும் டயரில் போடாத, டயரே சாலையில் தயாரித்துக்கொள்ளும் நஞ்சு. இந்த ஆய்வு 2020 டிசம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியானது.

எவ்வளவு இருந்தால் கொல்லும்? அதே குழு 2022இல் திருத்திச் சொன்ன அளவு, லிட்டருக்கு 95 நானோகிராம். இந்த அளவில் கோஹோ சால்மன்களில் பாதி செத்துவிடும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், அதில் கால் கிராமுக்கும் குறைவாகக் கரைத்தாலே போதும்.

இதைப் படித்துவிட்டு எல்லா மீனும் சாகும் என்று எழுதிவிடாதீர்கள். கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மன் அதே நீரில் உயிரோடு நீந்துகிறது. ரெயின்போ டிரௌட்டுக்கு ஆபத்து, ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனுக்கு அந்த அளவில் ஒன்றும் ஆவதில்லை. ஓர் இனத்துக்கான விடையை இன்னோர் இனத்தின் மேல் ஒட்ட முடியாது. பேராக் ஆற்றின் கெலாவுக்கும் லம்பாமுக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். பட்டப்படிப்பு இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

ஈப்போ மழையும் கிந்தா ஆறும்

சியாட்டலில் மழை தூறலாக நாள்கணக்கில் பெய்யும். ஈப்போவில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் வரை சுட்டெரித்துவிட்டு மாலையில் ஒரே கொட்டு. சாலை பொறியாளர்கள் ‘முதல் கழுவல்’ என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். வறண்ட நாள்களில் சாலையில் சேர்ந்த தூசியும் எண்ணெயும் மழையின் முதல் சில நிமிடங்களில் மொத்தமாகக் கழுவப்பட்டு ஓடும். முதல் நீர் கறுப்பாகவும் பிறகு வருவது தெளிவாகவும் இருப்பது அதனால்தான்.

அந்தக் கறுப்பு நீர் சிமெண்டு லோங்காங்கில் விழுந்து, பெரிய கால்வாயில் சேர்ந்து, பழைய நகரையும் புதிய நகரையும் பிரித்து ஓடும் கிந்தா ஆற்றில் கலக்கிறது. ஈப்போவுக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளில் ஒன்றான சுல்தான் அஸ்லான் ஷா அணை நகருக்கு மேலே உலு கிந்தாவில் இருக்கிறது. ஆகவே நகரச் சாலையின் அழுக்கு அந்த அணைக்குள் ஏறிப் போவதில்லை. அது கீழ்நோக்கிப் போகிறது. கிந்தா பேராக் ஆற்றில் கலக்கிறது, பேராக் ஆறு பாகான் டத்தோ பக்கம் மலாக்கா நீரிணையை அடைகிறது.

கிந்தா ஆற்றுக்கு இது புதிதல்ல. ஈயம் தோண்டிய காலத்தில் லம்பங்களின் சேறு முழுவதையும் சுமந்த ஆறு அது. ஆனால் சேறு கண்ணுக்குத் தெரிந்தது, அதைத் திட்டவும் முடிந்தது. சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் கோப்பெங்கிலும் பால்மரம் நின்ற நிலங்களில் பல இன்று செம்பனையாகவும், தாமான்களாகவும், அவற்றை இணைக்கும் சாலைகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். முன்பு இந்த மண்ணிலிருந்து ரப்பர் வெளியே போனது, இப்போது தூசியாகத் திரும்பி வந்து விழுகிறது.

டயர்த் துகள் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் அது மேலே மிதக்காமல் அடியில் படியும், சேறு தங்கும் இடத்தில் தங்கும். பேராக்கின் வடகரையில், தைப்பிங் பக்கத்து ஆறுகள் கடலைச் சேரும் இடத்தில், மாத்தாங் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சுமார் 40,000 ஹெக்டர், 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்படுவது. அதை ஒட்டிய கோல செபெத்தாங் சேற்றுப் பரப்புகளில் கெராங் வளர்க்கிறார்கள். கெராங் சேற்றில் வாழ்ந்து, நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி. மீனின் குடலை நாம் எறிந்துவிடுகிறோம். கெராங்கை முழுதாகச் சாப்பிடுகிறோம். சார் குவே தியாவைக் கைவிடச் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

தேடாததால் கிடைக்காதது

ஆறுகளில் நுண்நெகிழி பற்றிய ஆய்வுகளைப் படித்தால் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், நைலான் என்று பெயர்கள் வரும். டயர் ரப்பர் பலவற்றில் வராது. இல்லாததால் அல்ல, கருவிகள் அதைத் தவறவிடுவதால். வழக்கமான முறையில் மண்ணை அடர்த்தியான உப்புநீரில் கலக்குவார்கள். நெகிழி மிதக்கும், மணல் அமிழும். உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2. டயர்த் துகளோ, அதில் ஒட்டிய கல்துகளோடு சேர்ந்து அதைவிடக் கனமாக இருக்கும். மணலோடு மணலாக அதுவும் எறியப்பட்டுவிடும். தப்பி மிதந்தாலும் அடுத்த தடை: துகளின் வகையைக் கண்டறிய அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். டயரில் உள்ள கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடும். கறுப்புத் துகள் ‘அடையாளம் தெரியாதது’ ஆகிவிடும். துகளைக் கடுமையாகச் சூடாக்கிச் சிதைத்து ஆவியாக்கி அலசும் வேறு முறை இருக்கிறது, அதற்குச் செலவு அதிகம்.

எண்களைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. வாரத்துக்கு ஒரு கடன் அட்டை அளவு, அதாவது 5 கிராம் நெகிழியை நாம் உட்கொள்கிறோம் என்ற செய்தி 2019இல் உலகம் சுற்றியது. இன்னும் பேச்சுப்போட்டிகளில் கேட்கிறது. 2021இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு இன்னும் கவனமாகக் கணக்கிட்டபோது, பெரியவர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 4 மைக்ரோகிராம் என்று வந்தது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். 2024இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு, 109 நாடுகளில் உணவுவழி நுண்நெகிழி அதிகம் உட்கொள்ளும் நாடுகளில் மலேசியாவையும் வைத்தது. நாளொன்றுக்குச் சுமார் 502 மில்லிகிராம், பாதிக்கு மேல் மீன் வழியாக என்றது. நம் பத்திரிகைகளில் பெரிய எழுத்துகளில் வந்த செய்தி அது. அதுவும் மலேசியர்களைச் சோதித்து எடுத்த எண் அல்ல, உணவுப் பழக்கத் தரவுகளை வைத்துக் கணினியில் செய்த மதிப்பீடு. கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது இந்த எண்களை எடுத்தாளுங்கள், ஆனால் ‘மதிப்பீடு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

உடலுக்குள்

உடலில் நேரடியாகப் பார்த்த ஆய்வுகளின் நிலை வேறு. 2022இல் நெதர்லாந்தில் இரத்தம் கொடுத்த 22 பேரில் 17 பேரின் இரத்தத்தில் நெகிழி இருந்தது. 2024 மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனத்துக்குரியது. கழுத்துத் தமனியில் கொழுப்பு அடைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வெட்டியெடுத்த கொழுப்புப் படிவில் 150 பேருக்குப் பாலிஎத்திலீன் இருந்தது. நெகிழி இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் ஆபத்து, இல்லாதவர்களைவிட 4.5 மடங்கு. நெகிழிதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் காட்டியது. அதை எழுதிய மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

டயரைப் பொறுத்தவரை வாயைவிட மூக்கு முக்கியம். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்தூசியில் 3 முதல் 7 விழுக்காடு டயர் தேய்மானமாக இருக்கலாம் என்பது நான் முன்பு குறிப்பிட்ட 2017 ஆய்வின் மதிப்பீடு. சாலையோரம் கடை போட்டிருப்பவர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் வசிப்பவர் ஆகியோருக்கு அது கூடுதலாகப் போகும். 2022இல் தென்சீனாவில் பெரியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் சிறுநீரில் 6பிபிடி-குயினோன் இருப்பது கண்டறியப்பட்டது. கர்ப்பிணிகளிடம் அதிகம். மனிதரை அது என்ன செய்யும் என்பதற்கான ஆய்வுகள் இப்போதுதான் நடக்கின்றன.

‘நிரூபணம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்ற வாதம் இங்கே எழும். ஈப்போக்காரர்களுக்கு அந்த வாதம் பழக்கமானது. 1982இல் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது, 1994இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவை அகற்றிப் பத்திரப்படுத்தும் வேலை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்தது. டயர்த் தூசியும் கதிரியக்கமும் ஒன்றல்ல. ஆனால் ஆபத்தை நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி ஒன்றுதான். புக்கிட் மேராவில் அது அங்கே வாழ்ந்தவர்களின் தலையில் விழுந்தது.

கலிபோர்னியா மாநிலம் 2023 அக்டோபரில் சுமையை இடம் மாற்றியது. 6பிபிடி உள்ள டயர்களை முன்னுரிமைப் பொருளாக அறிவித்து, மாற்று உண்டா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டிய பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்தது. அமெரிக்காவின் மூன்று பூர்வகுடிச் சமூகங்கள், தங்கள் சால்மனுக்காக, மத்திய சுற்றுச்சூழல் நிறுவனத்திடம் மனுக் கொடுக்க, அதே ஆண்டு நவம்பரில் அது ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதிகள் முதல்முறையாக டயர் தேய்மானத்துக்கே வரம்பு கொண்டுவருகின்றன. நம் நாட்டின் 2018-2030 திட்டம், பெயருக்கேற்ப, ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியைக் குறிவைக்கிறது. அது வேண்டியதுதான். டயர் அதற்குள் அடங்காது.

மின்கார் வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். பேராக்கின் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் மின்கார் தயாரிப்பும் தொடங்கிவிட்டது. புகை போய்விடும், பிரேக் தூசியும் குறையும். ஆனால் மின்கலத்தால் வண்டி கனமாகிறது. கனமான வண்டி டயரை அதிகம் தேய்க்கும்.

உடனே செய்யக்கூடியது மண்ணில் இருக்கிறது. சியாட்டலில் மீனைக் கொன்ற அதே சாலைநீரை, மணலும் மட்கிய உரமும் கலந்த ஒரு படுகை வழியாக வடியவிட்டு மீனை வைத்துப் பார்த்தார்கள். மீன் பிழைத்தது. மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் சூழலுக்கு உகந்த வடிகால் கையேடு 2000இல் வந்தது. அதன் 2012 பதிப்பில் இத்தகைய வடிகட்டும் மண்படுகைகளுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. சிமெண்டு லோங்காங் தண்ணீரை வேகமாக ஆற்றில் தள்ளும், மண்படுகை நிறுத்தி வடிக்கும். வீட்டில் செய்யக்கூடியது சிறியது: டயரில் காற்று குறையாமல் பார்ப்பது, சக்கர நேர்ப்பாட்டைச் சரிசெய்வது, திடீர் பிரேக்கைத் தவிர்ப்பது. இவை டயரின் ஆயுளைக் கூட்டிப் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

பள்ளி அறிவியல் கழகத்தில் செய்து பார்க்க ஒன்று. ஆசிரியரின் துணையோடு, வண்டிகள் ஓடாத நேரத்தில், பள்ளிக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் படிந்த உலர்ந்த தூசியைத் தூரிகையால் கூட்டி எடுங்கள். தேநீர் வடிகட்டியில் சலித்து, கீழே விழும் பொடியைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கறுப்பாக, நீள் சுருளாக, மேலே மணற்பொடி ஒட்டியிருப்பதை ஊசியால் அழுத்துங்கள். கரித்துகள் நொறுங்கும். தார், ஊசியைச் சற்றுச் சூடாக்கினால் இளகி ஒட்டும். ரப்பர் அமுங்கி, விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பும். நுழைவாயில் வளைவு, வேகத்தடை, வண்டியே வராத திடல் ஓரம் என மூன்று இடங்களில் ஒரே பரப்பளவில் எடுத்து எண்ணுங்கள். ஒரு வாரம் மழையில்லாத நாளிலும், கொட்டித் தீர்த்த மறுநாளிலும் எடுங்கள். நாள், நேரம், கடைசியாக மழை பெய்த தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.